உன் அப்பா போட்ட தளத்துக்கு நிழல் கட்டிய கதை

மக்கா,

போனில் பேசும்போது நான் சாப்பிட்டாயா என்று கேட்பேன், நீ சாப்பிட்டேன் என்பாய், அதற்குப் பிறகு பேச்சு முழுக்க உன் பக்கம் போய்விடும். நீ சொல்லச் சொல்ல எனக்குச் சரிப்பா, சரிப்பா என்றுதான் வாயில் வருகிறது. வைத்த பிறகுதான் நான் சொல்ல வேண்டியது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அடுப்படியில் நின்றுகொண்டு அம்மியிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. என் எழுத்து கோணலாக இருக்கும், செல்வியை வாசிக்கச் சொல். உன் பெண்டாட்டிக்கு உன்னைவிடப் பொறுமை அதிகம்.

விஷயம் நீ சொன்னதுதான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும்போது வீட்டை வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், தபசு பார்த்த கையோடு பெட்டியைக் கட்டு, சென்னைக்குப் போய்விடலாம் என்கிறாய். நீ சொன்னதில் குற்றம் இல்லை. சித்திரை மாதம் உச்சி வெயிலில் உன் அம்மா பின்பக்கத் தளத்தில் மயங்கிக் கிடந்தாள் என்று பக்கத்து வீட்டுக் கோமதி போன் போட்டுச் சொன்னால் எந்த மகனுக்குத்தான் மனசு கேட்கும்? விடியும் முன்னே வந்து நின்றாய். மத்தியானம் செருப்பில்லாமல் பின்பக்கம் இறங்கியவன், குதித்துக்கொண்டு திரும்பி வந்தாய். "எம்மா, இது என்ன தளமா, தோசைக்கல்லா? இதுல மனுசன் இருப்பானா? இந்த வீடு உனக்கு வேண்டாம்மா" என்றாய். அன்றைக்குக் கையில் குளுக்கோஸ் ஏற்றிய இடத்துப் பஞ்சு ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு சரிப்பா என்றேன். இப்போது வேறு பதில் இருக்கிறது.

அந்தத் தளம் எப்படி வந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. உன் அப்பா பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாதமே ஆரம்பித்த வேலை அது. சிவகிரிக்குப் போகிற வண்டியில் காலம் பூராவும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றவர். "வாழ்நாள் பூரா நின்னாச்சு. இனிமே உக்காரணும்" என்றார். அடுப்படிக்குப் பின்னால் துவைக்கிற கல்லும் சரளையுமாகக் கிடந்த இடத்தைச் சமப்படுத்தி, கொத்தனாரை வைத்துச் சிமெண்ட் தளம் போட்டார். தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டம் பார்த்தார். மேற்குச் சுவரை இடுப்பளவுக்கு மேல் எழுப்பக் கூடாது என்று கொத்தனாரோடு மல்லுக்கு நின்றார். "சொவரை ஒசத்திட்டா மலை தெரியாது வே. மலை தெரியத்தான இம்புட்டும் செய்யுதேன்." மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்தச் சுவரை அடுத்த காலி மனைக்கு அப்பால் மலை நீலமாகத் தெரியும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் காலையில் அங்கேதான் எங்களுக்குக் காபி. குளிர் காலத்து வெயில் மேலே பட்டால் அவ்வளவு சுகமாக இருக்கும். தை மாதம் ஒரு காலையில் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார். நான் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தத் தளம் ஒரு வெயில் காலத்தைப் பார்க்காமல் போட்ட தளம், மக்கா. அவரும் அதைக் கோடையில் பார்க்கவில்லை. பங்குனி பிறந்த பிறகுதான் அது இப்படிக் கொதிக்கும் என்று எனக்கே தெரிந்தது. சித்திரையில் விழுந்தபோது, கூழ் வற்றல் காயப்போடப் போனேன் என்று உன்னிடம் சொன்னேன். வற்றலைக் காலையிலேயே காயப்போட்டுவிட்டேன். நான் அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளே போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் எங்கே போனாலும் அவர் இல்லாதது தெரிகிறது. பின்பக்கத்தில் மட்டும் அவர் ஏதோ வேலையாக இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கிறது. நான் அங்கே உட்கார வேண்டும். வெயில் உட்கார விடவில்லை. நீ ரயில் ஏறிப்போன மறுநாளே, இதற்கு ஒரு வழி பார்க்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கோமதி ஒரு பந்தல்காரத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் வந்ததும் கடப்பாரையை ஊன்றினான். "எக்கா, நாலு மூலையிலயும் நாலு குழி தோண்டிட்டா முடிஞ்சுது" என்றான். "அந்தத் தளத்துல ஒரு கீறல் விழப்படாது" என்றேன். "குழி தோண்டாம கம்பு எப்படிக்கா நிக்கும்? நான் பிடிச்சுக்கிட்டு நிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். எனக்கும் கோபம், அவனுக்கும் கோபம். அப்புறம் கோமதி வீட்டில் வெள்ளை அடித்த பெயிண்ட் வாளிகள் சும்மா கிடந்தது ஞாபகம் வந்தது. நாலு வாளியில் நாலு சவுக்குக் கம்பை நிறுத்தி, ஜல்லியும் சிமெண்டும் போட்டு இறுகவிட்டோம். வாளியோடு கம்பு தூண் மாதிரி நிற்கிறது. வேண்டாத நாளில் உருட்டிக்கொண்டு போய் ஓரமாக வைக்கலாம். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தூண் கிடையாது. செல்வியிடம் சொல், உங்கள் மொட்டை மாடிக்கும் ஆகும்.

கம்பு நின்றதும் மேலே என்ன போடுவது என்று வந்தது. எல்லாரும் தகரம் போடச் சொன்னார்கள். கோமதி வீட்டு ஆட்டுக்கொட்டிலில் தகரம்தான். மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஆடு எல்லாம் வெளியே சுவர் நிழலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தகரத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஆடே போகாத இடத்துக்கு நான் போவேனா? தென்னங்கிடுகு நல்லதுதான், அதற்குக் கீழே இருக்கிற குளுமை வேறு எதிலும் வராது. ஆனால் விறகடுப்பு பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் பழைய சேலைகளை எடுத்தேன். நம் ஊர்த் தறிச் சேலை, நூல் சேலை, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து விரித்துக் கட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கீழே உட்கார்ந்தால் மஞ்சளும் ஊதாவுமாக மேலெல்லாம் வெளிச்சம் விழும். ஆனால் வெயிலும் சேர்ந்தே விழுந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம், "என்ன, உங்க மதினி எல்லாச் சேலையையும் ஒரே நாளுல துவைச்சுட்டாவளா?" என்று கோமதியிடம் கேட்டார்களாம். ஒரு நாள் காற்றடித்து மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. உள்ளேயிருந்து, "மதினி, நான் இங்கன இருக்கேன், யாரும் மிதிச்சுராதிய" என்று கத்தினாள். உன் அப்பா போன பிறகு நான் முதன்முதலில் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று ஒரு நிமிஷம் பயந்தேன். கோமதி சேலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "சிரிங்க, அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றாள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ கோபப்படக் கூடாது. அப்பாவுக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் இரண்டையும் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு வந்து வைத்தாய் அல்லவா. ஒன்று நீ வைத்தது, தெருமுனையில் ஆளுயரத்துக்கு நின்றது. இன்னொன்று பஸ்காரர்கள் வைத்தது. ஊருக்குக் கிளம்பும்போது, தூக்கிப் போட்டுரும்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். எங்கே தூக்கிப் போடுவது? குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் உன் அப்பா முகம் போகும். மடித்தால் மூக்கில் மடிப்பு விழுகிறது. எரித்தால், ஒரு தடவை எரித்தது போதாதா? சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் பெருக்கும்போது விளக்குமாறு அதில் இடிக்கும். ஒரு நாள் பெருக்கிக்கொண்டே இருந்தபோது தோன்றியது. கோமதியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இதை மேல விரிச்சா என்ன?"

"அண்ணாச்சியவா?"

"அண்ணாச்சிய இல்லட்டி, பிளெக்ஸை."

"பிளெக்ஸுல அண்ணாச்சிதான இருக்காவ?"

விரித்துப் பார்த்தோம். நீ கொடுத்த போட்டோவை அந்தக் கடைக்காரன் என்ன பாடு படுத்தியிருக்கிறான்! உன் கல்யாணத்தில் எடுத்த முகத்தை வெட்டி, யாரோ போட்டிருந்த கோட்டு மேல் ஒட்டி, நல்ல சிவப்பாக ஆக்கி வைத்திருக்கிறான். கோமதி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி எப்படி இம்புட்டுச் செவப்பானாவ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். "செத்த பொறவு எல்லாரும் செவப்பாயிருதாவடி" என்றேன். அப்புறம் முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று பெரிய யோசனை. மேலே பார்க்க வைத்தால் காக்கா வந்து உட்காரும், வெயில் முழுக்க அவர் முகத்தில் அடிக்கும். கீழே பார்க்க வைத்தால், "நாம பேசுத ஊர்க்கதை எல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பாவளே" என்றாள் கோமதி. "இருக்கும்போதும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தாவ. ஒரு நாளாச்சும் வாயைத் தொறந்தாவளா?" என்றேன். கீழே பார்க்கவே வைத்தோம். மறுநாள் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி பின்பக்கமாக வந்தவன், அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிலிண்டரை இறக்கி வைத்து, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான். "எக்கா, துட்டி வீடுன்னு தெரியாது. மன்னிச்சுக்கோங்க." "துட்டி முடிஞ்சு மாசக்கணக்காச்சு தம்பி. இது பந்தலு" என்றேன். அவன் செருப்பைப் போடாமலே கையில் எடுத்துக்கொண்டு போனான்.

ஆனால் அது பெரிய தப்பு, மக்கா. பிளெக்ஸ் வெயிலை மறைத்தது, காற்றையும் மறைத்தது. கீழே இருக்கிற சூடு மேலே போக ஒரு வழியும் இல்லை. இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. குளிரட்டும் என்று மத்தியானம் ஒரு குடம் தண்ணீரைத் தளத்தில் ஊற்றினேன், ஆவி கிளம்பி நாங்கள் முழுசாகவே வெந்துவிட்டோம். தண்ணீர் தெளிப்பதென்றால் பொழுது சாய்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும், இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இடையில் ஒரு கோடை மழை பெய்தது. தண்ணீர் வழிந்தோட வாட்டம் வைக்காததால் நடுவில் தேங்கித் தொங்கியது. உயிரோடு இருந்தபோது உன் அப்பாவுக்குத் தொப்பையே கிடையாது, அன்றைக்கு அந்தக் கோட்டுக்குள் பானை அளவு தொப்பை. கோமதி விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து ஒரு குத்து விட்டாள். அவ்வளவு தண்ணீரும் அவள் மேலேயே கொட்டியது. "இருக்கும்போது ஒரு சொல்லு சொன்னதில்லை, இப்ப பாருங்க, குளிப்பாட்டியே விட்டுட்டாவ" என்று சொட்டச் சொட்ட நின்றாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மேலே எதை எதையோ போட்டுப் பார்த்தோம், வெயில் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. மறுநாள் பிளெக்ஸைக் கழற்றிவிட்டு, கோலப்பொடிக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்தேன். காலையில் வீட்டு நிழல் தளத்தில் எதுவரைக்கும் விழுகிறதோ அங்கே ஒரு கோடு இழுத்தேன். உச்சியில் ஒரு கோடு. சாப்பிட்டு முடித்ததும் ஒரு கோடு. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்கும்போது ஒரு கோடு. கோமதி எட்டிப் பார்த்து, "இது என்ன கோலம் மதினி, புள்ளியே இல்லாம?" என்றாள். கோலம் போட்டு முடிந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் பாதித் தளம் வீட்டு நிழலிலேயே இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம். உச்சியில் மேலேயிருந்து அடிக்கிறது, அது கொஞ்ச நேரம்தான். சாப்பாட்டுக்குப் பிறகு பொழுது சாயும் வரைக்கும் வெயில் மேற்கேயிருந்து படுக்கைவாட்டத்தில் வருகிறது, அந்த இடுப்பளவுச் சுவரைத் தாண்டி, எந்தப் பந்தலுக்கும் கீழே புகுந்து, நேராக அடுப்படிச் சுவர் வரைக்கும் வந்து அடிக்கிறது. தளத்தைக் கொதிக்க வைப்பது அதுதான். மலை தெரிவதற்காக உன் அப்பா திறந்து விட்ட வழியாகத்தான் வெயில் வருகிறது.

கோமதி உடனே, "சொவரை ஒசத்திருவோம்" என்றாள். "ஒசத்த மாட்டேன்" என்றேன். அந்தச் சுவருக்காகத்தானே கொத்தனாரோடு அவ்வளவு பேச்சுப் பேசினார். மேலேயும் மறைக்க வேண்டும், காற்றும் போக வேண்டும். மேற்கேயும் மறைக்க வேண்டும், மலையும் தெரிய வேண்டும். இதற்குத்தான் எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. மேலே போடுவதற்குக் கோமதியின் தம்பி மேலநீலிதநல்லூரிலிருந்து பச்சை வலை கொண்டுவந்து கொடுத்தான். அவன் நாற்றுப் பண்ணைக்குப் போட்டுக் கழித்தது. அங்கங்கே ஓட்டை இருந்தது, மீன் வலை பின்னுகிறவள் மாதிரி உட்கார்ந்து தைத்தேன். புதிதாக வாங்கினாலும் பஜாரில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள், தகரத்தோடு பார்த்தால் ஒன்றுமே இல்லாத விலை. வலையில் சூடு மேலே போய்விடுகிறது, மழை வந்தால் நனைவோம், நனைந்தால் என்ன? அதைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டவில்லை. சைக்கிள் கடையில் கிழிந்த டியூபை வாங்கி, நாடா மாதிரி நறுக்கி, அதால் கட்டியிருக்கிறேன். காற்று இழுத்தால் கூடவே நீண்டு கொடுக்கும், விட்டால் திரும்பி வரும்.

மேற்கே உன் அப்பாவைத் தொங்கவிட்டேன். இரண்டு கம்புக்கும் குறுக்கே ஒரு மூங்கில், அதிலிருந்து நீ வைத்த பிளெக்ஸ் திரை மாதிரி கீழே தொங்கும். அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் குழாயைக் கோத்து வைத்திருக்கிறோம். காலையில் பாயைச் சுருட்டுவது போல மேலே சுருட்டிக் கட்டிவிடுவேன், மலை தெரியும். சோறு வடித்து முடித்ததும் இறக்கிவிடுவேன். சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளித் தொங்குவதால் அதில் ஏறுகிற சூடு இந்தப் பக்கம் வராமல் மேலே போய்விடுகிறது. முகம் எங்களைப் பார்த்த பக்கம். அதை முதல் நாள் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், மக்கா. உன் அப்பா வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு வெயிலையும் முதுகில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் நிழல் என் காலடி வரைக்கும் வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோமதி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவ்வளவு நாளாக வராத அழுகை அன்றைக்கு வந்தது. தளம் சுடவில்லை என்பதே அழுது முடித்த பிறகுதான் தெரிந்தது. வெறும் காலோடு உட்கார்ந்திருந்தேன்.

பஸ்காரர்கள் வைத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதை மாடியில் இருக்கிற கருப்புத் தண்ணித் தொட்டிக்குப் போர்த்தியிருக்கிறோம். அவர்கள் அஞ்சலி செலுத்தியதில் இப்போது மத்தியானம் குழாயைத் திறந்தால் கை வெந்துபோவதில்லை.

ஆனி பிறந்ததும் நம் ஊருக்குக் காற்று வருமே, அது வந்தது. மலை இடுக்கு வழியாக ஊளையிட்டுக்கொண்டு வந்து திரையை உப்ப வைத்துக் கம்பை வாளியோடு சாய்க்கப் பார்த்தது. மூங்கில் நறநற என்றது. இன்னொரு நாள் இப்படி அடித்தால் கிழிந்துவிடும் என்று தெரிந்தது. கோமதி ராஜபாளையம் போய் வந்தவள், "ரோட்டோரத்துல பெரிய பெரிய போர்டுல எல்லாம் பாதி நிலா மாதிரி வெட்டி விட்டிருக்கான் மதினி. காத்து அது வழியா போயிருது. நாமளும் வெட்டணும்" என்றாள். கத்தரிக்கோலை நான்தான் கையில் எடுத்தேன். எங்கே வெட்டுவது? முகத்தில் முடியாது, அந்தக் கோட்டில் வேண்டுமானால் வெட்டலாம், அது நம்முடையது இல்லை. தோற்றம், மறைவு என்று இரண்டு வரி போட்டிருந்தாயே. மறைவு என்று போட்டிருந்த வரியில் முதல் வெட்டு வெட்டினேன். அப்புறம் கண்ணீர் அஞ்சலியில் இரண்டு வெட்டு, கோட்டில் நாலு வெட்டு. அடியில் வரிசையாக நீயும் உன் சித்தப்பா பிள்ளைகளும் கைகட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒன்று வெட்டத்தான் வேண்டியிருந்தது. "உங்க மகன் மூஞ்சி பக்கத்துலல்லா வருது" என்றாள் கோமதி. பார்த்துத்தான் வெட்டினேன். இருந்தாலும் உன் மூக்கு கொஞ்சம் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. மறுநாள் காற்று வந்தது. அந்த வெட்டெல்லாம் திறந்து திறந்து மூடியது, திரை அசைந்ததே தவிர இழுக்கவில்லை. வெட்டு வழியாகக் காற்று நேராக எங்கள் மேல் வந்தது. வெயில் நின்றுபோய், காற்று மட்டும் வந்தது.

இப்போது மத்தியானம் அந்தத் தளத்தில் நான் தனியாக இல்லை. பூ மார்க்கெட்டிலிருந்து கோமதி மல்லியும் பிச்சியும் வாங்கி வருகிறாள், தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து கட்டுகிறோம். உள்ளே ஃபேனுக்குக் கீழே கட்டினால் பூ வாடுகிறது, இங்கே ஈரச் சாக்குக்கு மேல் வைத்துக் கட்டினால் பொழுது சாயும் வரைக்கும் மொட்டாகவே இருக்கிறது. யாராவது வேலை செய்யாமல் வாயடித்தால் கோமதி திரையைக் காட்டுவாள். "அண்ணாச்சி பார்த்துக்கிட்டு இருக்காவ. டிக்கெட் எடுக்காதவங்க எல்லாம் எறங்குங்கட்டி." உரச் சாக்கில் மண்ணை நிரப்பிப் பீர்க்கு விதை போட்டிருக்கிறேன், சரடு பிடித்து வலை வரைக்கும் ஏறிவிட்டது. இரண்டு மஞ்சள் பூ விட்டிருக்கிறது.

தனியாக விழுந்தால் யார் பார்ப்பது என்று நீ கேட்டாய். நியாயமான கேள்வி. நான் விழுந்தது தனியாக இருந்ததால், தனியாக இருந்தது உட்கார ஒரு இடம் இல்லாததால். இப்போது நான் தும்மினால் அஞ்சு பேர் நூறு வயசு என்கிறார்கள். அங்கே சென்னையில் நீயும் செல்வியும் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறீர்கள். எட்டாவது மாடியில், பூட்டிய கதவுக்குள் விழுந்தால்தான் யாருக்கும் தெரியாது. துக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது எங்கேயும் போகாது, சென்னைக்குக் கூட்டிப் போனாலும் என் பெட்டியிலேயே ஏறி வரும். இங்கே அதற்கு உட்கார ஒரு இடம் இருக்கிறது. என் முழங்கால் ஒரு நாள் முடியாது என்று சொல்லும், அன்றைக்கு நானே உனக்குப் போன் போட்டு வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல்வேன். வீம்பு பிடிக்க மாட்டேன். புரட்டாசியில் வந்து ஒரு மாதம் இருப்பேன், செல்விக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு ஆக்கிப் போடுவேன். வருவேன், இருப்பேன், திரும்பி வந்துவிடுவேன். குடிவர மாட்டேன்.

ஆடித்தபசுக்குக் கட்டாயம் வா. ரயில் காலையில் வரும், ஆனால் வீட்டை நீ காலையில் பார்க்காதே. குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டு, உச்சி கழிந்த பிறகு பின்பக்கமாக வா. காலையிலும் சாயங்காலமும் யார் வீடும் நன்றாகத்தான் இருக்கும், நீங்கள் அங்கே சொந்தமாக வீடு பார்க்கும்போதும் மத்தியானம் போய்ப் பாருங்கள். செருப்பை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வெறும் காலோடு இறங்கு. பாய் போட்டு வைத்திருப்பேன். வீடு வாங்குகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதே, பாவம், அவர் உன் பேச்சை நம்பித் தயாராக இருப்பார். திருவிழா நாளில் வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? அவருக்கும் சேர்த்தே உலை வைக்கிறேன். நிழலில் உட்கார்ந்து சாப்பிடட்டும், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கட்டும், படுத்து ஒரு தூக்கம் போடட்டும். சோறு உண்டு, பாய் உண்டு. வீடு கிடையாது.

உன் அம்மா